தண்டவாளத்தோரம் உடைத்த பரங்கிக்காய்

1

ஆயுத பூஜை வருகிறது. ஒரகடத்தில் இந்நேரம் கம்பெனிக்குக் கம்பெனி கேட்டில் வாழை மரம் கட்டியிருப்பீர்கள். ஷிப்ட் பஸ்ஸுக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பீர்கள். இங்கே போலந்து தேசத்தில், எங்கள் வீட்டில் இந்த வருஷம் பூஜை கிடையாது என்று என் மகள் கலா சொல்லிவிட்டாள். சாமி படத்துக்கு ஒரு பூ வைக்கலாம். கற்பூரம் கூடாது. குங்கும டப்பாவை அவளே எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. போன வருஷம் நான் ஒரு பரங்கிக்காய் உடைத்தேன். அதனால் ரயில் நின்றது. எங்கள் கட்டடத்துக்குப் போலீஸ் வந்தது. ஒன்றும் செய்யாத ஒரு மனிதனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வல்லக்கோட்டைப் பக்கத்திலும் ஒரகடத்திலும் என்னைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். ஒரு கம்பெனி கேன்டீனில் பதினோரு வருஷம் தட்டு கழுவினேன். என் மாப்பிள்ளை சேகர் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தார். ஏழு வருஷத்துக்கு முன் இங்கே லாரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலைக்கு வந்தார். பிறகு கலாவும் பேத்தி தாரிணியும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னையும் கூட்டிக்கொண்டார்கள். வந்து மூன்று வருஷம் ஆகிறது.

"வெளிநாட்ல ஜாலியா கீற" என்று தங்கை போனில் சொல்கிறாள். ஜாலிதான். சன்னலைத் திறந்தால் ரயில் கேட். கேட்டைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் கிழக்கே போனால் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் உக்ரைன். அங்கே ரஷ்யாக்காரன் படையோடு புகுந்து வருஷங்கள் ஆகின்றன, இன்னும் வெளியே போகவில்லை. இந்தத் தண்டவாளத்தில்தான் அந்த நாட்டுக்குப் போகிற சாமான் ரயில் எல்லாம் போகும். உதவி செய்தால் அணுகுண்டு போடுவேன் என்று அவன் அடிக்கடி சொல்வான். டி.வி.யில் அவன் முகம் வந்தால் கலா சேனலை மாற்றிவிடுவாள். மாற்றினால் சமையல் நிகழ்ச்சி வரும். அவன் மாற்றிவிட்ட சேனலுக்குள் மட்டும்தான் இருக்கிறான் என்கிற மாதிரி நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

2

ஒரு நாள் தபால் பெட்டியில் அரசாங்கத்தின் புத்தகம் ஒன்று வந்து கிடந்தது. வீட்டுக்கு ஒன்று. படம் போட்டது. சைரன் ஊதினால் எங்கே ஓடுவது, கரண்ட் போனால் என்ன செய்வது, மூன்று நாளுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மெழுகுவர்த்தி. கடைசிப் பக்கத்தில் ஒரு போன் நம்பர். சந்தேகமாக யாரையாவது பார்த்தால் கூப்பிட வேண்டியது.

மாப்பிள்ளை தண்ணீர் கேன் வாங்கிக் குளியலறையில் அடுக்கினார். கலா ஒரு பையில் பிஸ்கட், பேட்டரி, பாஸ்போர்ட் எல்லாம் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். மாத்திரையும் வரும் என்றார்கள். அணு உலையில் குண்டு விழுந்தால் உடனே போட்டுக்கொள்ள வேண்டிய மாத்திரை. தாரிணி கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள்.

"ஆயா, உனக்கு அது கிடையாது. அறுபது வயசுக்கு மேல வேணாமாம்."

"ஏண்டி?"

"கேன்சர் வர இருவது வருஷம் ஆகுமாம். அதனால உனக்குத் தேவை இல்ல."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"எழுதல. ஆனா அதான் அர்த்தம்."

அவள் கேலி செய்யவில்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள் போல, உள்ளதை உள்ளபடி. தமிழில் சொல்லும்போது அது கன்னத்தில் அறைகிற மாதிரி விழுகிறது.

எனக்கு இது புதிது இல்லை. ஒரகடம் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடக்கும். சைரன் ஊதுவார்கள். எல்லாரும் போட்டது போட்டபடி வெளியே ஓடி, பச்சை போர்டுக்குக் கீழே வரிசையாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் பேர் பேராகக் கூப்பிட்டு எண்ணுவார். முதல் தடவை நாங்கள் கேன்டீன்காரிகள் ஏழு பேரும் ஈரக் கையோடு போய் நின்றோம். எங்கள் பேரைக் கூப்பிடவே இல்லை. "நீங்கெல்லாம் கான்ட்ராக்ட்மா, இந்த லிஸ்ட்ல வர மாட்டீங்க. போங்க, சாம்பார் ஆறிடப் போவுது" என்றார். தீ விபத்து என்று சைரன் ஊதிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே போய்த் தட்டு கழுவினோம்.

ஊரை நினைத்து ஏங்குகிற ஆள் நான் இல்லை என்று தெரியத்தான் இதை எழுதுகிறேன். எண்ணாமல் விடுவதில் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் பெரிய வித்தியாசம் நான் பார்க்கவில்லை.

3

போன வருஷம் புரட்டாசியில் ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. கடலுக்கு அடியில் போகிற கேபிளை அறுத்துவிட்டார்கள். ஒரு கிடங்கு தானாகத் தீப்பிடித்தது என்றார்கள், பிறகு தானாக இல்லை என்றார்கள். அப்புறம், எங்கள் ஊரிலிருந்து தூரத்தில் ஒரு ரயில் பாதையை யாரோ வெடி வைத்துப் பெயர்த்துவிட்டார்கள். டிரைவர் பார்த்து நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தாரிணிக்கு அப்போது பதினாறு வயது. தினமும் காலையில் அதே மாதிரி ஒரு ரயிலில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். மாப்பிள்ளை தண்ணீர் கேன் அடுக்கினார், கலா பை கட்டினாள். நான் என்ன செய்வது? பாஷை தெரியாது, அந்த நம்பருக்குப் போன் செய்து பேச வராது, மாத்திரைகூடக் கிடையாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

ஆயுத பூஜை அன்று வெள்ளிக்கிழமை. எல்லாரும் போன பிறகு பத்து மணிக்குக் கிளம்பினேன். பூசணிக்காய் இங்கே கிடையாது. பரங்கிக்காய் அந்த மாதத்தில் கடைக்குக் கடை குவிந்து கிடக்கும், பெரிய பெரிய காயாக. அதில் ஒன்றின் தலையைச் சீவி, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் வைத்தேன். ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று தெரு சேருகிறது. ரயிலைச் சுற்றிவர முடியாதே, அதனால் பிள்ளை போன திசையைப் பார்த்து நின்று, கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றினேன். "போற உசுரும் வர்ற உசுரும் நல்லா இருக்கணும்" என்று சொல்லி ஓங்கிப் போட்டேன். தண்டவாளத்தோரம் சாம்பல் நிறத்தில் இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். அதன் சிமெண்டு மேடையில் விழுந்து சிதறியது. உடைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ச் சாதம் வைத்தேன்.

ஒரகடத்தில் வருஷா வருஷம் கேட்டில் பூசணிக்காய் உடைப்பார்கள். உடைக்கிறவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். பைக் வழுக்கி யாரும் விழாமல் அதை அள்ளிப் பெருக்கியது எங்களை மாதிரிப் பொம்பளைகள்தான். திரும்பிப் பார்க்காதவர்களுக்குப் பின்னால் பெருக்குகிறவள் ஒருத்தி வேண்டும் என்பதை நானே மறந்துவிட்டேன். அள்ள ஆள் இல்லாத ஊரில் உடைத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் அரசாங்கத்தின் எச்சரிக்கை வந்து ஊரில் எல்லாருடைய போனும் ஒரே சமயத்தில் அலறியது. சாயங்காலம் தாரிணி பாதித் தூரம் நடந்து, கால் கடுக்க வந்து சேர்ந்தாள். ரயில் மூன்று மணி நேரம் நின்றதாம். சிக்னல் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புப் பொடி, கரிந்த தடம், உள்ளே குடைந்த ஒரு காய். வெள்ளை உடுப்பால் உடம்பை மூடிக்கொண்டு ஆட்கள் வந்து பொடியைப் புட்டியில் எடுத்துப் போனார்களாம். போனில் அந்த உடைந்த காயின் படத்தை நீட்டினாள்.

"ஆயா, இது நீயா?"

பார்த்தேன். நான்தான்.

கலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எம்மா! இன்னாம்மா பண்ணி வச்சிகினு வந்துகீற?"

"தாரிணி போற ரயிலுக்குச் சுத்திப் போட்டேன்."

"ரயிலுக்கு யாராவது சுத்திப் போடுவாங்களா?"

"பஸ்ஸுக்குப் போடறோம் இல்ல?"

மாப்பிள்ளைக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. "அத்த, ரஷ்யாக்காரன் நிறுத்தாத ரயிலை நீங்க நிறுத்திட்டீங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. இங்கே இருக்க அரசாங்கம் ஒரு அட்டை தர வேண்டும். எங்கள் நாலு பேர் அட்டையும் காலாவதியாகி, புதுப்பிக்க எழுதிப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எழுதிப் போட்டதற்கு அடையாளமாகப் பாஸ்போர்ட்டில் குத்தின ஒரு சிவப்பு முத்திரைதான் எங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஃபைல் அவங்க மேஜ மேல கீது அத்த. இப்பப் போய் நம்ம பேரு போலீஸ் பேப்பர்ல வந்தா அவ்ளோதான், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தாரிணி படிப்பு பாதியில நிக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆவல இல்ல? வாயைத் தொறக்காதீங்க."

எனக்கு வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை.

4

திங்கட்கிழமை காலையில் ஈகோரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஈகோர் எங்களுக்குக் கீழ் வீட்டுக்காரன். உக்ரைனிலிருந்து மனைவி ஒக்சானாவோடும் ஒரு சின்னக் குழந்தையோடும் தப்பி வந்தவன். மாப்பிள்ளை வேலை செய்கிற அதே தொழிற்சாலையில் சுமை ஏற்றுகிற வண்டி ஓட்டினான். என்னிடம் பேசியது இல்லை, நானும் பேசியது இல்லை. அரிசி மூட்டையை நான் இழுத்துக்கொண்டு படி ஏறினால், பின்னால் வந்து ஒரு கையால் தூக்கிக் கதவோரம் வைத்துவிட்டுப் போவான். வேலை முடிந்து வந்து ரயில் கேட் பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பான். சாமான் ரயில் கிழக்கே போனால் போட்டோ எடுப்பான். அங்கே அவனுடைய அம்மா இருக்கிறாளாம். உங்களுக்குச் சாமான் வந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு அனுப்புவானாம். இது பிறகு தெரிந்தது.

எதிர் வீட்டு ஹலினா அம்மாள் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து நம்பருக்குப் போன் செய்துவிட்டாள். ஒருவன் ரயிலைப் போட்டோ எடுக்கிறான், வெள்ளிக்கிழமையும் அங்கே நின்றான் என்று. அவளுக்கு என்னைவிட வயது அதிகம். அவளுடைய அப்பாவை அந்தக் காலத்து ரஷ்யப் பட்டாளத்துக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனதும், அவர் திரும்பி வராததும் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளை நான் திட்ட மாட்டேன். உஷாராக இரு என்று அரசாங்கம் சொன்னது, அவள் இருந்தாள். அரசாங்கம் சொன்னதும் தப்பு இல்லை. வெடி நிஜமாகவே வெடித்தது. என் வயிறு எரிவது, தூரத்தில் உட்கார்ந்து மிரட்டுகிறானே அவனை நினைத்துத்தான். ஒரு பட்டாசு கொளுத்தாமல் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டான். அவனால் வீட்டை இழந்தவனையே அவனுடைய ஆள் என்று இங்கே பிடிக்க வைத்துவிட்டான். அதற்குக் குங்குமம் எடுத்துக் கொடுத்தவள் நான்.

அன்று சாயங்காலம் கலாவிடம் கேட்டேன்.

"போய்ச் சொல்லிட்டு வந்துடட்டுமா?"

"எம்மா, சும்மா இரு. ரெண்டு நாள்ல உட்டுடுவாங்க. அவன்தான் ஒண்ணும் பண்ணலயே, அப்புறம் இன்னா பயம்?"

"ஒண்ணும் பண்ணாதவனைத்தானடி புடிச்சிகினு போய்கீறாங்க."

"உனக்கின்னா, நீ பொட்டியைத் தூக்கினு ஊருக்குப் போய்டுவ. நாங்க? அவ படிப்பு? ஊர்ல போய் மறுபடி நானு ஷிப்ட் பஸ்ஸுக்கு நிக்கணுமா? உன்ன மாதிரியே?"

கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவளே திடுக்கிட்டாள். ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை டி.வி.யைச் சத்தமாக வைத்தார். தாரிணி காதில் பாட்டுக் கேட்கிற கம்பியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமையும் போயிற்று. ஒக்சானா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். போகிறவர்களும் வருகிறவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நானும் குப்பை கொட்டப் போகவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்த தாரிணி செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"கீழ அவங்க கதவுல பெயிண்ட்ல எழுதியிருக்கு ஆயா."

"இன்னான்னு?"

"துரோகின்னு."

கலாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் கோட்டை எடுத்து மாட்டினேன். தாரிணி வந்து பட்டன் போட்டுவிட்டாள்.

"வழி எனக்குத் தெரியாது. நீ வர்றியா?"

"அப்பா கத்துவார்" என்றாள். அப்புறம், "வா" என்றாள்.

5

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நடுத்தர வயது அதிகாரி. தூக்கம் இல்லாத கண். நான் சொல்லச் சொல்லத் தாரிணி அவர் பாஷையில் சொன்னாள். குங்குமம் என்றால் என்ன என்று சொல்ல அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. திருஷ்டி என்பதற்கு அவளிடம் தமிழிலேயே விளக்கம் இல்லை, அந்தப் பாஷையில் எங்கே போவாள்? எப்படிச் சுற்றினாய், காட்டு என்றார். அவர் மேஜையில் ஓர் ஆப்பிள் இருந்தது. அதை எடுத்துச் சுவரைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினேன். உடைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

"யாருக்காகச் செஞ்சேன்னு கேட்கிறார் ஆயா. யார் சொல்லிச் செஞ்சே?"

"உனக்காகத்தான். சொல்லு."

பிள்ளைக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அதிகாரியைப் பார்க்காமல், மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு ஏதோ ஒரு சின்னச் சொல் சொன்னாள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதிக்கொண்டார். காகிதத்தில் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதில் "பாதுகாப்பு" என்று எழுதினார் என்று தாரிணி சொன்னாள். வெளிநாட்டவர் ஆபீசுக்கு ஒரு நகல் போகும் என்றும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன், தமிழில்.

அன்று சாயங்காலம் ஈகோர் வந்துவிட்டான். நான் சொன்னதால் விட்டார்களா, சட்டப்படி வைத்திருக்கக் கூடிய நேரம் முடிந்ததால் விட்டார்களா, அது எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. போட்டோ இருந்த போனைத் திருப்பித் தரவில்லை. தொழிற்சாலையில், சொல்லி அனுப்புகிற வரைக்கும் வர வேண்டாம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. மாப்பிள்ளை என்னோடு பேச ஒரு மாதம் ஆயிற்று. எங்கள் ஃபைலில் "மேலும் விசாரணை தேவை" என்று கடிதம் வந்தது. அதுதான் இன்னும் நிலைமை. கதவில் எழுதினது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

6

ஈகோர் வந்த மறுநாள், தாரிணியைக் கூட்டிக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனேன். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. என்னத்தைக் கொண்டு போவது? கதவைத் தேய்த்திருந்தார்கள். எழுத்து போய்விட்டது, தேய்த்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

ஒக்சானாதான் திறந்தாள். உள்ளே ஈகோர் நாற்காலியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். நான் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தாரிணியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் சொன்னாள். ஒக்சானா கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. மெதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இன்னாடி சொன்னா?"

"ஒண்ணும் இல்ல ஆயா. வா மேல போலாம்."

"சொல்லுடி."

அவள் உள்ளதை உள்ளபடிச் சொல்கிற பிள்ளை. அன்று சொல்லத் தயங்கினாள்.

"நீ அங்கதான நின்னே, அப்படின்னு சொல்றாங்க."

திங்கட்கிழமை காலையில் ஈகோரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மேலே எழுதினேன். அப்போது நான் எங்கே இருந்தேன் என்று எழுதவில்லை. கலாவுக்கும் சொன்னது இல்லை. நான் படிக்கட்டில் இருந்தேன், குப்பைப் பையோடு அவர்கள் கதவைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அவனை நடத்தி வந்தார்கள். சட்டைக்கு மேல் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் இருந்தான். வாசலில் ஒக்சானா அழுதுகொண்டிருந்தாள். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். என்னைத் தெரிந்த ஆள், சும்மா பார்த்தான். எனக்கு எல்லாம் தெரியும். ஒரு கையைத் தூக்கி என் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருந்தால்கூடப் போதும், அதற்குப் பாஷை வேண்டாம்.

படி குறுகலாக இருந்தது. மூன்று பேர் சேர்ந்து போக இடம் போதவில்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, அவர்களுக்கு வழி விட்டேன்.